அழுத்திப் பிடிக்காத கை

கம்பெனி பஸ் பேரணாம்பட்டில் இறக்கிவிட்டதும் சவுரியம்மாள் முதலில் தேடுவது தண்ணீர்க் குழாயைத்தான். எத்தனை முறை கழுவினாலும் வெளுக்காத கை அவளுடையது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் வேலை. தோல் துண்டின் ஓரத்தில் சொல்யூஷன் தடவி, மடித்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்ட வேண்டும். நாளெல்லாம் அழுத்தி அழுத்தி விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. காய்ந்த பசை வேறு அதன்மேல் இன்னொரு தோலாகப் படிந்திருக்கும். நல்ல புடவை கட்டினால் நூல் விரலில் மாட்டிக்கொள்ளும்.

கழுவிய கையோடு பக்கத்து வீட்டு மஹ்பூபியின் வாசலில் போய் நிற்பாள். உள்ளே மஹ்பூபி பீடி சுற்றும் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, சவுரியின் ஐந்து வயது மகன் ஷாஜினை மூட்டை தூக்குவதுபோல அள்ளி இறுக்கிக்கொண்டிருப்பாள். அவன் கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டிருப்பான். சவுரி ஆசையாகக் கன்னத்தைத் தொட்டாளோ, போச்சு! தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி அலறுவான்.

பெற்றவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது? பையனுக்குப் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. அதையெல்லாம்கூட அவள் மென்று விழுங்கிவிட்டாள். தன் கை பட்டால் அலறுகிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மஹ்பூபிமேல் பொறாமை பொங்கும். வேலைக்குப் போகிற நேரமெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவள்மேல் போய்ப் பொறாமைப்படுகிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வரும். இதை யாரிடம் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில்கூட, பையன் கத்துவான் என்று அவள் வெளியே செருப்புக் கிடக்கும் இடத்தில்தான் நின்று பூசை பார்ப்பாள்.

கணவன் டைட்டஸ் பெங்களூரில் லாரி ஓட்டுகிறான். அவன் வருவது குறைந்து, போனில் பேசுவது மட்டும் மிஞ்சி, பிறகு அதுவும் கம்மியாகிவிட்டது. போன மாதம் கூப்பிட்டவன், அங்கே இந்த மாதிரிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்று இருக்கிறது, சேர்த்துவிடலாம் என்றான். அவள் தயங்கினாள்.

"உன்கிட்டயே ஒட்டாத புள்ளய வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற?" என்று கேட்டான்.

கேட்டதில் தப்பு எங்கே இருக்கிறது? சரி என்று சொல்லிவிட்டாள். பையனுக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று தெரபிஸ்டிடம் காட்டிப் பார்த்துவிட்டு அழைத்து வரும்படி விடுதியில் சொன்னார்கள். அதற்காகத்தான் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, பையனோடு சத்துவாச்சாரியில் இருக்கும் தெரபி சென்டருக்கு வந்தாள். அடுத்த வாரம் அவனை விட்டுவிட்டு வர வேண்டும்.

மாடியில் ஒரு பெரிய அறை. தரையில் மெத்தைகள், கூரையிலிருந்து தொங்கும் ஊஞ்சல், ஒரு தொட்டி நிறைய அரிசி. தெரபிஸ்ட் தமிழினிக்குச் சின்ன வயது. ஆனால் அவசரம் என்பதே தெரியாதவள். பையனை அவன் போக்கில் விட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அரிசியில் கையை வைத்து வெடுக்கென்று எடுத்தான். பிறகு மெத்தைக்கு அடியில் புகுந்துகொண்டான். தமிழினி ஒரு பெரிய பந்தை மெத்தைமேல் வைத்து மெல்ல அழுத்தி உருட்டினாள். அடியிலிருந்து மஹ்பூபி வீட்டுச் சிரிப்பு கேட்டது. வெளியே வந்தவன் கையில் மெத்தென்ற பிரஷ் ஒன்றை லேசாகப் பட வைத்தாள். அலறிவிட்டான்.

சவுரி எழுந்து நின்றுவிட்டாள். தனக்கென்றே அவன் வைத்திருக்கிறான் என்று அவள் நினைத்திருந்த அதே அலறல்.

வீட்டில் எப்படித் தொடுவீர்கள் என்று கேட்டுத் தமிழினி தன் கையை நீட்டினாள். சவுரி விரல்களை மடக்கி, புறங்கையால், பட்டும் படாமலும் தடவிக் காட்டினாள். ஏன் அப்படி என்று கேட்டதற்குத்தான் அந்தப் பழைய கதை வெளியே வந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது அவள் விரல் உரசி அவன் கன்னத்தில் ரத்தக் கோடு விழுந்தது. "இது கையா, உப்புத்தாளா?" என்று நாத்தனார் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து பிள்ளைக்கு வலிக்கக் கூடாதென்று இப்படித்தான்.

சில பிள்ளைகளுக்கு லேசான தொடுதல் பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கும், அழுத்திப் பிடித்தால்தான் உடம்பு அமைதியாகும் என்று தமிழினி விளக்கினாள். இதனால் பேச்சு வந்துவிடாது, அதற்கு வேறு பயிற்சி வேண்டும், அவன் விலகினால் உடனே விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னாள். கடைசியில், "அவன் உங்கள வேணாங்கலைங்க. அந்தத் தொடுறதத்தான் வேணாங்கறான்" என்றாள்.

இப்போது நீங்கள் பிடித்துப் பாருங்கள் என்று தமிழினி சொன்னதும் சவுரி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சொரசொரன்னு இருக்கும்மா."

"இருக்கட்டும்."

ஷாஜினின் தோளில் உள்ளங்கையை முழுக்க வைத்து, தோலை ஒட்டும்போது அழுத்துகிற மாதிரி, நிதானமாக அழுத்தினாள். அலறல் வரவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. சட்டென்று எடுத்துவிட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கோ பார்த்தபடியே அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மறுபடியும் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

அவள் அழுதாள். சந்தோஷம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இத்தனை வருஷம் இந்தக் கையையா ஒளித்து வைத்தோம் என்கிற அழுகை அது.

திரும்பும் பஸ்ஸில் அவனை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். அவன் முதுகு அவள் மார்பில் சாய்ந்து கனத்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் இருந்தவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

குடியாத்தம் தாண்டியதும் பைக்குள் போன் அடித்தது. டைட்டஸாகத்தான் இருக்கும், விடுதி விஷயம். எடுக்க வேண்டுமென்றால் ஒரு கையையாவது விலக்க வேண்டும். அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஒட்டாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன பண்ணப்போகிறாய் என்று அன்றைக்கு அவன் கேட்ட கேள்விக்கு இன்று அவளிடம் பதில் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று பிள்ளையை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.