கேட் பெட்டியில் அம்மாவின் நம்பர்

ஐந்தே நிமிடத்தில் செயலி ஓடத் தயாராகிவிடும் என்று அதை நிறுவும் குறிப்பில் போட்டிருந்தது. அதை எழுதிய மகராசன் எதிரில் வந்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவருடைய ஐந்து நிமிடம் எங்கள் வீட்டில் வாரம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

சிற்றூர் நூலகங்கள் புத்தகங்களை இரவல் கொடுக்கப் பயன்படுத்தும் ஒரு வலைச் செயலி அது. அதன் கோட், அதாவது நிரல், எல்லோருக்கும் பொது. யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். அதை நடத்தும் குழு, வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்க ஆள் தேடியது. அதற்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். செயலியை முதலில் என் லேப்டாப்பில் ஓட வைக்க வேண்டும். பிறகு அவர்கள் சொன்ன ஒரு பிழையைச் சரிசெய்து, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

அந்த வேலை கிடைத்தால் அம்மாவைப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து நிறுத்திவிடலாம். அதற்காகத்தான் அத்தனை பாடும். தாயில்பட்டியில் எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்குப் பட்டாசில் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வேலை. அவள் காலையில் வேன் ஏறிப் போனதிலிருந்து சாயங்காலம் திரும்பி வரும்வரை, எங்கேயாவது ஒரு தகரம் விழுந்தால்கூட வாசலுக்கு வந்து புகை தெரிகிறதா என்று பார்ப்பேன்.

என் லேப்டாப் பழசு. விண்டோஸில் அந்தச் செயலியை ஏற்றினால் திணறித் திணறி நின்றுபோனது. வெறுத்துப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் போட்டேன். அதற்கப்புறம் குறிப்பில் சொன்ன பதிப்பு ஒன்று, இறங்கி வந்த பதிப்பு வேறொன்று. அதைச் சமாதானப்படுத்தினால் டேட்டாபேஸ் என்னை உள்ளே விட மறுத்தது. ஒரு எர்ரரைத் தீர்த்தால் அதன் பங்காளி வந்து நின்றான். என் போனின் ஹாட்ஸ்பாட்டில் பாதி இறங்கிய ஃபைல்கள், கரண்ட் போய் டவரும் நின்றதும் போன இடம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், திரையில் நூலகத்தின் முகப்புப் பக்கம் திறந்திருக்கிறது. சோறு குழைந்துபோனதை நான் கவனிக்கவே இல்லை.

தமிழில் பெயரைப் போட்டுத் தேடினால் புத்தகம் சிக்காது, அதுதான் அவர்கள் சொன்ன பிழை. மூன்று வரியில் தீர்ந்தது. அனுப்பலாம் என்று பார்த்தால், கோட் வைத்திருக்கும் தளம் என்னை நிறுத்தியது. இது புது மெஷின் மாதிரி இருக்கிறது, உங்கள் நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது.

எந்த நம்பர் என்று பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. அது அம்மாவின் நம்பர். எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் கேஸுக்கும் ரேஷனுக்கும் பேங்குக்கும் கொடுக்கிற நம்பர் ஒன்றாகத்தான் இருக்கும். கல்லூரியில் சேர்ந்தபோது எனக்கென்று போன் கிடையாது, இந்தக் கணக்குக்கும் அதையே கொடுத்திருந்தேன். அம்மாவோ தினமும் கம்பெனிக்குள் நுழையும் முன் போனை அணைத்து, கேட்டில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிடுவாள். மருந்து இருக்கும் இடத்துக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. வேலை முடிந்து ஆறு மணிக்குத்தான் அதை எடுக்க முடியும்.

கம்பெனி ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன், எடுக்க ஆளில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு மினிபஸ் ஏறினேன். அது ஒவ்வொரு மரத்துக்கும் நின்று ஆள் ஏற்றியது. கம்பெனிக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கியபோது மணி நாலு. அங்கிருந்து கேட்டுக்குக் கரிசல் காட்டுக்கு நடுவே நீளமான மண்பாதை. நான் ஓடினேன்.

அதுதான் நான் செய்த பெரிய தப்பு. அவசரத்தில் ஓடுவது எந்த ஊரிலும் சகஜம். ஆனால் எங்கள் பகுதியில் ஒருத்தி பட்டாசுக் கம்பெனி கேட்டைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கு அன்று அது தோன்றவே இல்லை.

விலக்கிலிருந்த டீக்கடைக்காரர், "ஏத்தா, எந்தக் கம்பெனி? அங்கன என்ன ஆச்சு?" என்று கத்தினார். பதில் சொல்ல எனக்கு மூச்சும் இல்லை, நேரமும் இல்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எனக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பைக்குகள் என்னைத் தாண்டிப் போயின. காட்டில் களையெடுத்த பெண்கள் வரப்பில் ஏறி நின்று போனில் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

கேட்டில் வாட்ச்மேன் என்னையும் எனக்குப் பின்னால் வந்த கூட்டத்தையும் பார்த்தார். மறுபேச்சில்லாமல் மணியை அடித்துவிட்டார். போட்டது போட்டபடி அறையை விட்டு வெளியேறு என்பதற்கான மணி அது. வெளியே இருந்தவர்கள் உள்ளே ஏதோ வெடித்துவிட்டது என்று நினைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் பின்பக்க அறையில் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தார்கள். தனித்தனி அறைகளிலிருந்து பெண்கள் வெறுங்காலோடு ஓடி வந்தார்கள்.

அம்மா முன்னால் வந்தாள். முகத்திலும் கையிலும் அலுமினியத் தூள் வெள்ளி மாதிரி ஒட்டியிருந்தது. என் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினாள். "என்னத்தா ஆச்சு? யாருக்கு என்ன?"

"ஓடிபி வேணும்மா."

அந்த நேரம் எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை. பக்கத்தில் ஒரு அக்கா பொத்தென்று தரையில் உட்கார்ந்து அழுதாள். இன்னொருத்தி, "அறிவிருக்கா ஒனக்கு? வகுத்துல இருக்க புள்ள கலங்கிப்போச்சு" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை.

போர்மேன் வந்து விவரம் கேட்டார். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, பெட்டியைத் திறக்கச் சொன்னார். "எல்லாரும் அந்தப் பக்கம் போயி, அவுகவுக வீட்டுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வாங்க. இல்லேன்னா ஊரே இங்கன வந்துரும்."

மண்பாதையைத் தாண்டிக் கருவேல மரத்தடியில் எல்லோரும் போனை உயிர்ப்பித்தார்கள். நானும் அம்மாவும் ஒரு ஓரமாக உட்கார்ந்தோம். மடியில் லேப்டாப்பைத் திறந்து, என் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஓடிபி கேட்டேன். வரவில்லை. மறுபடி கேட்டேன். அப்போதும் வரவில்லை. இருக்கிற ஒரு டவரில் சுற்றுப்பட்டு அத்தனை ஊரும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் நான் ஓடிய ஓட்டத்தின் பலன். இன்னும் ஒரு முறைதான் கேட்கலாம், அதிலும் தவறினால் நாளை வாருங்கள் என்றது தளம். மணி நாலே முக்கால்.

போர்மேன் கேட்டிலிருந்து கூப்பிட்டார். "சீசன் நேரம், லோடு நிக்கிது. வாங்க உள்ள."

"செத்த இருங்க அண்ணாச்சி. எம்மகளுக்கு ஒரு வேலை முடியணும்" என்றாள் அம்மா. அவரிடம் அவள் நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. பிறகு எழுந்து பெண்களிடம் போனாள். "ஏத்தா, சொன்னது போதும், போனை வைங்கத்தா. எம்புள்ளைக்கு நம்பர் வரணும்."

கொஞ்ச நேரத்துக்கு முன் என்னைத் திட்டியவளும் சேர்ந்துதான் வைத்தாள். எதிர்முனையில் இருந்தவர்கள் கேள்வி கேட்கக் கேட்க, "நல்லாத்தான் இருக்கேன், வையி" என்று ஒவ்வொருத்தியாகத் துண்டித்தார்கள். ஊர்க்காரர்களும் ஒன்றுமில்லை என்று தெரிந்து கலையத் தொடங்கினார்கள். நான் கடைசித் தடவையாகக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

போன் சிணுங்கியது. அம்மா போனைத் தூரப் பிடித்து ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்தாள். நான் அடித்தேன். உள்ளே விட்டது. என் மூன்று வரி போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்குச் சில நிமிடங்களே இருந்தன. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தபோது, அம்மா போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, குழைந்த சோற்றைச் சாப்பிட்டாள். கை கழுவும்போது சொன்னாள்.

"இனிமே கேட்டுக்கு ஓடியாராத. நான் செத்தே போயிட்டேன்னு கேள்விப்பட்டாலும் நடந்து வா."

சரி என்றேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் மெயில் வந்தது. என்னை எடுத்துக்கொண்டார்கள். அம்மா தலையை முடிந்து, தூக்குவாளியோடு புறப்பட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. மெயிலைத் தமிழில் சொன்னேன். இனி வேலைக்குப் போகாதே என்று அவளைச் சம்மதிக்க வைப்பதற்கு நான் மனதுக்குள் பெரிய வாதமே தயாரித்து வைத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் வேலை பிடிக்கவில்லை என்றோ பயமாக இருக்கிறது என்றோ அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. லேசில் மசியமாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். லீவு கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"அப்போ இன்னைக்கே போகாம இருந்துக்கிடட்டுமாத்தா?"