மூன்றாவது கம்பெனியின் போணி

கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவர்களுக்கு கிராபிக்ஸ் கார்டு என்றால் உயிர். அது சரியில்லையென்றால் எதிரி திரையில் தெரிவதற்குள் நம் கதை முடிந்திருக்கும். நான் ஒன்பதாவது படித்தபோது அதை விற்கிறவர்கள் என்று எங்களுக்குத் தெரிந்தது இரண்டே கம்பெனிகள்தான். இரண்டில் ஒன்றை வாங்கித் தரச்சொல்லி அம்மாவை அரித்தெடுத்தேன். அரையாண்டு லீவில் வகுப்புப் பெண்கள் சேர்ந்து பையன்களை எதிர்த்து ஆடுவதாகப் பந்தயம். கார்டு இல்லாமல் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அதற்கு முந்தின வருஷம்தான் அம்மா பட்டுச்சேலை விற்க ஆரம்பித்திருந்தாள். ஆரணியில் எங்கள் தெருவிலேயே இரண்டு பெரிய கடைகள். அம்மாவுக்கு ஒரு பீரோவும் ஒரு போனும்தான் கடை. "ரெண்டு கடை இருக்கசொல்ல மூணாவதா நீ எதுக்கு?" என்று சிரித்தார் மாமா. யார் எதை ஆரம்பித்தாலும் சிரிப்பதற்கு முதல் ஆளாக வந்துவிடுவார்.

வேலூர் கடையில் நான் கேட்ட இரண்டுமே இல்லை. கடைக்காரர் வேறொரு பெட்டியை எடுத்தார். "இந்தக் கம்பெனி இப்பதாங்க கேமிங் கார்டுல எறங்கிகிறான். இன்னும் ஒருத்தரும் தொடல."

வேண்டாம் என்று நான் அம்மாவின் கையைக் கிள்ளினேன். அம்மாவுக்கு கார்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. "அப்ப இன்னும் போணியே ஆவலீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த நிமிஷம் பெட்டி எங்கள் பையில் இருந்தது. ஆரணி வந்து சேரும்வரை பஸ்ஸில், இது ஓடாது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

பயந்தபடியே ஆயிற்று. புது கேம்கள் நன்றாக ஓடின. நாங்கள் பந்தயம் கட்டியிருந்த கேம் கொஞ்சம் பழசு, அது மட்டும் திக்கித் திணறியது. "ரெண்டு கம்பெனி இருக்கசொல்ல மூணாவது எதுக்கு?" என்றார் மாமா. முதல்முறையாக அவர் சொன்னது எனக்குச் சரியென்று பட்டது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அழுதேன்.

"புதுசா வந்துகிறாங்க. கொஞ்சம் டைம் குடேன்" என்றாள் அம்மா, என்னவோ அவர்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த மாதிரி.

கார்டை இயக்கும் மென்பொருளுக்கு அப்டேட் மேல் அப்டேட் வந்தது. லீவுக்குக் கொஞ்சம் முன்னால் வந்த ஒன்றில் திணறல் நின்றேவிட்டது. பையன்களைத் தோற்கடித்தோம். ஒரு வாரம் அந்தக் கம்பெனியைப் புகழ்ந்து தள்ளினேன். அம்மா சேலை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன மாதம் சேவூர் சர்ச்சில் ஒரு கல்யாணம். என் பழைய டீச்சர் அரக்குப் பட்டில் வந்திருந்தார். பார்டர் ஒரு பக்கம் சுருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நீவிவிடப் போனேன்.

"உடும்மா, வாங்கன நாள்லருந்தே அது அப்படித்தான்" என்றார். "உங்கம்மா வித்த மொத சேல. பார்டரப் பாத்துட்டு, காச திருப்பித் தரேன்னு அழுதுகினு நின்னா. வோணாம், அடுத்தது நல்லா நெய்ய வெச்சிக் குடுன்னேன். குடுத்தா. தோ, கல்யாணப் பொண்ணு கட்டிகினு இருக்கறதுகூட உங்க வீட்டு சேலதான்."

வேலூர் கடையில் அம்மா ஏன் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டாள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. ஜெயித்த வாரம் முழுக்க, எந்த ஊரில் இருக்கிறதென்றே தெரியாத ஒரு கம்பெனிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். டீச்சரின் பார்டரை மறுபடி நீவினேன். அது மறுபடி சுருட்டிக்கொண்டது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.