முதலில் பதற்றப்படக் கூடாது

மகாபலிபுரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், பிரச்சினைகளைத் தீர்க்கும் திறனை நான் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பாதி வழியில் பஸ் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? விடை என் நோட்ஸில் எட்டாம் பக்கம். முதலில் பதற்றப்படக் கூடாது. பிரச்சினையை மூன்றாகப் பிரிக்க வேண்டும். பிறகு குழுவோடு கலந்து பேச வேண்டும்.

அந்த வருடத்தின் கடைசி கம்பெனி செங்கல்பட்டில் தேர்வு வைத்தது. இருபது பிள்ளைகளோடு கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கல்லூரி பஸ் நின்றுவிட்டது. பிள்ளைகள் சீட்டைவிட்டு அசையாமல் எட்டாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் முதல்வருக்குப் போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன்.

ஒருத்தி மட்டும் இறங்கினாள். ஏற்கெனவே மூன்று கம்பெனிகள் அவளை வேண்டாமென்று சொல்லியிருந்தன. இதுவும் போனால் வேலையில்லாமல்தான் ஊருக்குப் போக வேண்டும். காலியாக வந்த மீன் லாரியைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"அண்ணாத்த, செங்கல்பட்டு வரிக்கும் ஏத்திக்கினு போங்க. இருவது பேரு கீறோம்."

என்னை அவள் சேர்க்கவில்லை. சேர்க்க நியாயமும் இல்லை. ஆனாலும் டிரைவர் பக்கத்து சீட்டில் முதலில் ஏறியது நான்தான்.

தேர்வு அறை முழுக்க மீன் கவிச்சி. யாரும் காரணம் கேட்கவில்லை. பஸ் கேள்வியைத்தான் கேட்டார்கள். பத்தொன்பது பேரும் பதற்றப்படாமல் மூன்றாகப் பிரித்தார்கள். அவள் மட்டும், வருகிற வண்டியை நிறுத்தி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போவேன் என்றாள். முறையாக யோசிக்கவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள்.

கல்லூரி சார்பில் அவளுடைய மதிப்பெண் தாளில் நான் ஒரு வரி எழுதலாம். காலையில் நடந்ததை எழுதியிருந்தாலே போதும். ஆனால் வாத்தியார் செய்வதறியாமல் போனும் கையுமாக உட்கார்ந்திருந்ததும் அதோடு சேர்ந்து வெளியே வருமே. கையெழுத்தை மட்டும் போட்டேன். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது.

வேலை கிடைத்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. சாயங்காலம் வெளியே வந்தால், பஸ் இன்னும் சரியாகவில்லை என்று கல்லூரி பஸ் டிரைவர் போனில் சொன்னார். வேலை கிடைத்தவர்கள் உட்பட எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். இப்போது என்ன செய்யலாம் என்று நானே அவளிடம் கேட்டேன்.

"மொதல்ல பதட்டப்படாதீங்க சார்," என்றாள். "பிரச்சினைய மூணா பிரிச்சிக்குங்க."

சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தனியாக நடந்தாள்.