கூட யார் நின்றார்கள்?

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் ஆம்பூரில் என் தொழிற்சாலையில் தைத்த ஷூ நடக்காத ஊர் ஐரோப்பாவில் இல்லை. மிலான் கண்காட்சிக்குப் பதினொரு முறை போயிருக்கிறேன். அந்த ஊர் மொழியில் ஒரு வார்த்தை தெரியாமல், விரலைக் காட்டியே விலை பேசி முடித்திருக்கிறேன். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை; ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவனுடைய மகள், சென்னைக்குப் போய் உலகப் பண்பாடுகள் படிக்கப் போகிறேன் என்றாள். வெளிநாட்டுக் கம்பெனி வேலைகளுக்கு அந்தப் படிப்பு உதவுமாம்.

“ஜெர்மன்காரனுக்குக் கை குடுக்க ஒரு டிகிரியாமா? நான் யாருகிட்ட படிச்சேன்?”

“கை குடுக்கத் தெரியும்பா உங்களுக்கு. அவன் இன்னா நெனச்சிக்கினு குடுக்கறான்னு தெரியுமா?”

“ஆர்டர் குடுக்கறான். எனக்கு அது போதும்.”

சிரித்துவிட்டாள். நானும் கல்லூரியில் சேர்த்துவிட்டேன்.

முதல் வருட விடுமுறைக்கு ஒரு வேலையோடு வந்தாள். அடுத்த நாட்டைப் படிப்பதற்கு முன், சொந்த வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேரிடம் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்துகொண்டு போக வேண்டுமாம். வீட்டில் பெரியவர்கள் நானும் என் அண்ணனும்தான். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடு இருந்துகொண்டு, தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்துவந்தார்.

நான் இரண்டு மணி நேரம் பேசினேன். ராணிப்பேட்டை டேனரியில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றது, வேலையை உதறிவிட்டு ஒற்றைத் தையல் மெஷினோடு உட்கார்ந்தது, எல்லாம். கடைசியாகக் கேட்டாள்:

“கஷ்டத்துல உங்க கூட யாருப்பா நின்னாங்க?”

“எவனும் நிக்கல. எழுதிக்கோ. ஒண்டியா வந்தவன் நானு.”

அண்ணன் தன் முறைக்காக எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வேலையை விட்ட பிறகு, மூன்று வருடம் அதே தொட்டியில் இரண்டு ஷிப்ட் நின்று எனக்குச் சோறு போட்டவர். சுண்ணாம்பு தின்ற விரல்கள். சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போட வராது. நான் அதை மறந்துவிடவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய கதையில் அவருக்கு இடமில்லாமல் போயிருந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்குப் போன் வந்தது, எழுந்து போய்விட்டேன். அவர் என்ன பேசினார் என்று அப்புறம் கேட்கவும் இல்லை.

மகள் படிப்பை முடித்து நெதர்லாந்துக்கு வேலைக்குப் போனாள். போன ஐப்பசியில் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். அவளால் வர முடியவில்லை. காரியம் முடிந்த வாரம் அந்தப் பழைய பதிவை அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், மெஷின் ஓடாத தொழிற்சாலையில், ஸ்டோரில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன்.

“உங்க கூட யாரு பெரியப்பா நின்னாங்க?”

“இன்னா கேள்வி கண்ணு இது? உங்கப்பன்தான்.”

“அவரு, எவனுமே நிக்கலன்றாரே?”

அண்ணன் இருமுகிற சத்தம். அப்புறம் சிரிக்கிறார். “அப்டிச் சொன்னாத்தான் அவனுக்குத் தெம்பு. ஆர்டர் புடிக்கறவன் கம்மியா பேசலாமா? நீ அத மாத்தி கீத்தி எழுதிடாத, இன்னா? பேஜாராய்டுவான்.”

அவளும் மாற்றவில்லை. நான் சொன்னபடியே எழுதிக் கொடுத்துத் தேறியிருக்கிறாள்.

உடனே அவளைக் கூப்பிட்டேன். “என் பதில மாத்தணும்மா.”

“அத என்னிக்கோ குடுத்தாச்சுப்பா” என்றாள். “வேணும்னா இப்ப கேக்கறேன். பதிவு பண்ணி நான் வெச்சிக்கறேன்.”

அதே கேள்வியைக் கேட்டாள்.

எந்த நாட்டுக்காரன் எதிரில் உட்கார்ந்தாலும் பேச்சுக்குத் தடுமாறியவன் இல்லை நான். “அண்ணன்” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.