தேயிலைப் பூவும் பங்களாப் பூவும்

துணியில் பூ வரைகிற தொழிலில் பூவைப் பிடித்துவிடலாம், வாங்க வருகிறவர் மனசைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. கைவேலை செய்து வைத்துவிட்டுக் கடைவாசலையே பார்த்துக் காத்திருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். நுவரெலியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடை, அதன் பின்கட்டில் பத்திக் வேலை. உருக்கிய மெழுகால் துணியில் படம் போட்டுச் சாயத்தில் முக்குவோம். பிறகு கொதிநீரில் மெழுகை எடுத்தால், மெழுகு இருந்த இடம் சாயம் ஏறாமல் பூவாக நிற்கும். படம் போடுவது நான், சாயம் போடுவது சோமா அக்கா. முதலாளி நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. "இந்த ஊருச் செடிகொடிய வரை புள்ள. இந்த ஊரு சனமும் வாங்கணும். தீவாளிக்குள்ள வாங்கலேன்னா பின்கட்டுல உருளைக்கிழங்கு அடுக்கிருவேன்" என்று சொல்லியிருந்தார். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. பின்கட்டு மூடினால் நான் மறுபடியும் நானுஓயாப் பக்கத்து எங்கள் தோட்டத்துக்கே கொழுந்தெடுக்கப் போகவேண்டும்.

குளிரும் மெழுகும்

நுவரெலியாக் குளிரில் மெழுகு துணியைத் தொடும் முன்பே உறைந்துவிடும். அடுப்பைக் கூட்டினால் புகைந்து நாறும். உறைந்த மெழுகு மடிப்பில் வெடித்து, வெடிப்புக்குள் சாயம் புகுந்து, நரம்பு நரம்பாகக் கோடு விழும். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அந்தக் கோட்டுக்காகவே வாங்குவார்கள்.

இந்த மலைச்சரிவில் முளைக்கும் மானாப்புல்லை வரைந்த சேலை ஒன்றை மரக்கறிக் கடைக்காரரின் மனைவி விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "அந்தக் கோடுதாங்க இதோட அழகே" என்று முதலாளி பரிந்து பேசினார். அந்தம்மா சேலையை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். "கீறல் விழுந்த தட்ட யாராச்சும் அழகுன்னு வாங்குவாங்களா, மொதலாளி?"

தேயிலைப் பூ

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் பங்களா ஜன்னல்களுக்குத் திரைச்சீலை கேட்டார். இந்த மலையின் பூவாக இருக்கவேண்டும் என்றார். நான் தேயிலைப் பூவை வரைந்தேன். வெள்ளை இதழ், நடுவே மஞ்சள், இலைக்கடியில் தலை குனிந்து நிற்கும். அதைப் போல் அடக்கமான பூவை நான் பார்த்ததில்லை.

ஆனால் தோட்டத்தில் தேயிலை பூப்பது நல்ல சேதி அல்ல. வேளைக்குக் கொழுந்து எடுத்து, பருவத்துக்குக் கவ்வாத்து வெட்டிக் கிளையைக் குறைத்தால் செடிக்குப் பூக்க நேரம் ஏது? பூத்து நிற்கிற மலை என்றால் கேட்பாரற்ற மலை என்று அர்த்தம். பென்சிலைக் கையில் எடுத்ததும், கொழுந்தெடுத்த எனக்கே அது மறந்துபோயிற்று. துரை சீலையை விரித்தார். முகம் சிவந்தது. தோட்டத்தில் பழகிய தமிழில் கத்தினார்: "என் தோட்டத்திலே பூ இல்லை! கவ்வாத்து எல்லாம் சரியா நடக்குது!"

இரண்டு இலையும் ஒரு மொட்டும்

அடுத்தது கொழுந்து. எங்கள் பெண்களுக்குப் பிடிக்கும் என்று நம்பி, முந்தானை முழுக்க இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக வரைந்தேன். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு வட்டகொடையிலிருந்து காளியம்மா அக்கா கடைக்கு வந்தார். முன்பு எங்கள் தோட்டத்தில் என் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவர். சேலையை விரித்ததும் கறைபிடித்த கட்டைவிரல் தானாக அந்த இலையைக் கிள்ளப் போயிற்று. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. எதிலிருந்து தப்பி வந்தேனோ அதையே அவருக்கு விற்கப் பார்த்திருக்கிறேன். அவர் கோபப்படவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்: "விடிஞ்சதுலேருந்து இதத்தான் பாக்குறேன். ஞாயித்துக்கெழமையும் இதையே சுத்திக்கிட்டு நிக்கணுமா தங்கச்சி?"

பங்களாப் பூ

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைப்படி இறங்கப்போன காளியம்மா அக்காவை நிறுத்தி, "வேற எந்தப் பூதான்க்கா வேணும்?" என்று கேட்டேவிட்டேன். யாராவது கேட்டுவிடப்போகிறார்களே என்பதுபோல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். அவர் தோட்டத்துத் துரை பங்களா வாசலில் பந்து பந்தாகப் பூக்குமே, அந்த நீலப் பூ. தோட்டத்து லயத்து வீடுகளில் அதைப் பங்களாப் பூ என்போம். வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அவர் மகள் ஒரு தடவை ஒரு கொத்தைப் பறித்துத் தலையில் வைத்ததற்கு, குடும்பமே அந்த வாசலில் நின்று ஏச்சு வாங்கியிருக்கிறது.

வரைந்தேன். நீலம் சரியாக வரும்வரை சோமா அக்கா சலிக்காமல் முக்கி முக்கி எடுத்தார். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு காளியம்மா அக்கா, கூட வேலை செய்யும் பெண்களோடு வந்து சேலையைத் தோளில் போட்டுப் பார்த்தார். "தொரை பாத்தா பறிச்ச பூவக் கேப்பாரே?" என்று முதலாளி சீண்டினார். பெண்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "தீவாளிக்குத் தொரைக்கு மாலை போட பங்களாவுக்குப் போவோம்ல? இதக் கட்டிக்கிட்டுத்தான் அந்த வாசல்ல நிப்பேன். கேக்கட்டும்."

அன்று கூட வந்தவர்களும் அதே பூவைக் கேட்டார்கள், பின்கட்டு தப்பியது. ஊருக்குள் முளைப்பதையெல்லாம் வரைந்தபோது வராத வாடிக்கை, ஊரார் தொடக்கூடாத ஒன்றை வரைந்ததும் வரிசையில் வந்து நின்றது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட இலட்சணம்.