முடி அடைத்த மெத்தை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது. ஆம்பூரில் டாக்டராகச் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்த காலத்தில் வந்த கோபம் ஒன்று இன்னும் என்னோடுதான் இருக்கிறது. அதைப் போகச்சொல்லி நானும் கேட்டதில்லை.

எங்கள் தெருக்கோடியில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்று இருந்தது. பச்சைத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து முடியைச் சீவி எடுப்பது ஆண்களின் வேலை. அந்த ஆட்டுமுடியைப் பாலாற்று மணலில் காயவைத்து, கொட்டகைக்குள் கொண்டுவந்து, கோலால் அடித்து உதறுவது பெண்களின் வேலை. எதிரே நிற்பவள் முகம் தெரியாத அளவுக்குத் தூசி பறக்கும். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு பகல் முழுக்க அடிப்பார்கள்.

ஷாப்பில் ஓர் ஆஸ்பத்திரி நிதி இருந்தது. வேலையினால் நோய் வந்து படுத்தால் வைத்தியச் செலவும் பாதிக் கூலியும் கிடைக்கும்; திரும்பி வரும்வரை வேலையும் போகாது. அதற்காக எல்லோர் கூலியிலும் பிடித்தம் உண்டு. பலன் மட்டும் தொட்டி வேலை செய்யும் ஆண்களுக்கு. முடி அடிப்பதில் என்ன நோய் வந்துவிடப் போகிறது என்று முதலாளிக்குச் சொல்லி வைத்தவர் ஷாப்பு டாக்டர். அவருக்கு என்னைவிடப் பெரிய படிப்பு, பெரிய மீசை. கொட்டகைப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே கிடையாது.

அந்தக் கொட்டகையிலிருந்து ஒருத்தி என்னிடம் வந்தாள். என் வயதுதான் இருக்கும். கன்னத்தில் ஒரு கொப்புளம், நடுவில் கறுத்து, சுற்றிலும் வீங்கியிருந்தது. அமுக்கிப் பார்த்தேன்.

"வலிக்குதா?"

"இல்லியே டாக்டரம்மா. அரிப்புதான் ஜாஸ்தி."

வலிக்கவில்லை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆடுமாடுகளுக்கு வந்தால் அடைப்பான் என்பார்களே, அதே நோய். அதில் செத்த ஆட்டின் முடியிலேயே நஞ்சு ஒட்டிக்கொண்டு வரும். வெயிலுக்கும் சுண்ணாம்புக்கும் அவ்வளவு சுலபத்தில் சாகாது. மனிதர் தோலில் ஏறினால் வலியில்லாமல் கறுக்கும். அன்றைக்கே அவளை பஸ்ஸில் ஏற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

பள்ளிகொண்டா தாண்டும்போது, எப்போது அரிக்க ஆரம்பித்தது என்று கேட்டேன்.

"ஆபீஸ் மெத்தைக்கு முடி அடைக்க சொல்லோதாம்மா. புதுக் கணக்கு வருதில்ல, அதான்."

அது அந்த ஷாப்பின் வழக்கம். முதலாளி, மேனேஜர், டாக்டர் எல்லோரும் ஆபீஸில் தரையில் போட்ட பெரிய மெத்தையில்தான் உட்காருவார்கள். வருஷா வருஷம் புதுக் கணக்குக்கு முன்னால் அதைப் பிரித்துப் புதுமுடி அடைத்துத் தைப்பார்கள். அடைப்பதும் கொட்டகைப் பெண்கள்தான். மெத்தைக்கு அடைக்கும்போதே அரித்தது என்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேனே தவிர, அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மறுநாள் ஷாப்பு ஆபீஸுக்குப் போனேன். பெண்பிள்ளை என்று எனக்கு மட்டும் ஒரு மர நாற்காலி போட்டார்கள். நோயைப் பற்றி விளக்கமாகவும் மரியாதையாகவும் சொன்னேன். இவளுக்கு நிதியிலிருந்து கொடுக்க வேண்டும், விதியிலும் கொட்டகைப் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். ஷாப்பு டாக்டர் மெத்தையில் சாய்ந்தபடி சிரித்தார்.

"முடியில ஒண்ணும் கிடையாதும்மா. இதெல்லாம் அவங்க வீட்டுலேந்து எடுத்துக்கினு வர்றது. நீங்க பிரசவம் பாருங்க, போதும்."

மேனேஜரும் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை, ஆனால் முடியாது என்று சொன்னது அவர்தான்.

பாதிக் கூலி கிடையாது, இடமும் வேறு ஒருத்திக்குப் போய்விடும் என்ற செய்தி வேலூர் வார்டுக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊசி மருந்து பாதியில் இருக்கும்போதே அவள் கட்டிலைவிட்டு எழுந்து பஸ் ஏறிவிட்டாள். வீங்கிய கன்னத்தோடு போய் மறுபடியும் கோலை எடுத்தாள். விஷயம் தெரிந்து நான் ஓடிப்போனபோது வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. கொட்டகை வாசலிலேயே மூச்சு நின்றது. அன்று அழுதேன். அதற்குப் பிறகு அழவில்லை, பழி வாங்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொட்டகைப் பெண்கள் ஒருத்திகூட வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்கள். முடி மலையாகக் குவிந்து நாறியது. என்னை வைத்துச் சமாதானம் பேசலாம் என்று மேனேஜர் ஆள் அனுப்பினார். போனேன். அதே மர நாற்காலி. அவர்கள் மூவரும் அதே மெத்தையில் இருந்தார்கள். எடுத்த எடுப்பிலேயே ஷாப்பு டாக்டரைக் கேட்டேன்.

"முடியில ஒண்ணும் கிடையாதுன்னு சொன்னீங்களே, அதை இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"எத்தினி வாட்டி சொல்றது? ஒண்ணும் கிடையாது."

"சந்தோஷம். நீங்க உக்காந்துக்கினு இருக்கிற மெத்தைக்கு முடி அடைச்சது அவதான். அடைக்க சொல்லோதான் கன்னம் அரிச்சுதாம். சொறிஞ்ச கையாலயே தச்சும் முடிச்சிருக்கா."

முதலில் எழுந்தவர் ஷாப்பு டாக்டர். அந்தப் பருத்த உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக எழுவார் என்று நான் நினைத்ததில்லை. மேனேஜர் வேட்டியின் பின்பக்கத்தை உதறினார். முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்திருந்தேன்.

"உக்காருங்க, உக்காந்து பேசலாம்," என்றேன். யாரும் உட்காரவில்லை. கொட்டகைப் பெண்களுக்கும் நிதி உண்டு என்ற விதியை நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு அது போதவில்லை. விதி மற்றவர்களுக்குத்தான் வந்தது, அவளுக்கு வரவில்லை.

அடுத்த வாரமே ஷாப்பு டாக்டர் என் கிளினிக்குக்கு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். தொடையின் பின்பக்கம், தானே குனிந்து பார்க்க முடியாத இடத்தில், ஒரு கொப்புளம். தனக்குத் தெரிந்த வேறு டாக்டரிடம் காட்ட வெட்கமாம். இந்த நோய் கண்ட ஒருத்தரைக்கூடத் தொட்டுப் பார்த்திராத மனிதர். அமுக்கினேன். வலியில் துள்ளினார். மஞ்சளாகச் சீழ் வைத்த வெறும் வேனற்கட்டி. நாலு நாளில் தானாக உடைந்துவிடும்.

"அதுதானாம்மா இது?" என்று கேட்டார்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டேன்.

"தெரியலீங்க. வீட்டுலேந்து எடுத்துக்கினு வந்ததா இருக்கும்," என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டேன்.