ஓட்டை இலையும் புள்ளிக் கண்ணாடியும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்று வளர்த்தது ஐந்து பிள்ளை. இறந்துபோன தங்கை விட்டுச்சென்ற இரண்டையும் சேர்த்தால் ஏழு. ஏழும் நன்றாக இருக்கின்றன. படிப்பென்று எனக்கு எதுவும் இல்லை. பிள்ளைகள் சிலேட்டில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பிடிபட்ட எழுத்துதான். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகும். ஆகட்டும், அவசரம் ஒன்றுமில்லை.

ஜவ்வாது மலையில் எங்கள் சாமைக் கொல்லை சரிவில் இருந்தது. எனக்கு ஒன்பது வயதிருக்கும். கதிர் பிடித்த நாளிலிருந்து அறுப்பு வரைக்கும் பரண் மேல் உட்கார்ந்து குரங்கு ஓட்டுவது என் வேலை. அந்த வேலை எனக்கு உயிர். பரண் மேலே ஏறிவிட்டால் அதைச் செய், இதை எடு என்று சொல்ல ஆள் கிடையாது. வாய்க்கு வந்ததைப் பாடலாம், தகரத்தைத் தட்டலாம்.

ஒருநாள் கொல்லையின் கடைசி மூலையில் குரங்குகள் இறங்கி ஒரு பாத்தி அளவுக்குக் கதிரை உருவிவிட்டுப் போய்விட்டன. நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தேன். அங்கே என்னவோ அசைந்தது, காற்று என்று விட்டுவிட்டேன். கொல்லையின் மறுகோடி எனக்கு எப்போதும் புகையாகத்தான் தெரியும். கிட்டே இருப்பது தெளிவாகவும் தள்ளி இருப்பது புகையாகவும் இருப்பதுதான் உலகம் என்று நினைத்திருந்தேன். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நம்பினேன். கால் வலிப்பதைச் சொல்லலாம், வயிறு வலிப்பதைச் சொல்லலாம். உலகம் உலகமாக இருப்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

அம்மா புளிய மிளாறால் நாலு வைத்தாள்.

"இன்னொரு தபா மேஞ்சிதுன்னா உன் தம்பிய பரண்ல ஏத்திடுவேன். நீ வூட்டோட கெட."

மறுநாள் பரண் மேல் கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன். பரண் நிழலுக்கு வேய்ந்திருந்த பலாத் தழையில் ஓர் இலையைப் பூச்சி அரித்து, எள் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. சும்மா இருக்கமாட்டாத கை அதைக் கிள்ளியெடுத்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

மறுகோடியில் ஒரு புதர் இருந்தது. அதில் கிளைகள் இருந்தன. கிளைகளில் இலைகள் தனித்தனியாக இருந்தன.

இலையை எடுத்தால் புகை, வைத்தால் புதர். எத்தனை முறை எடுத்து எத்தனை முறை வைத்திருப்பேனோ தெரியாது. வேறு ஓர் இலையில் முள்ளால் ஓட்டை போட்டுப் பார்த்தேன், அதிலும் தெரிந்தது. அன்று குரங்கு வந்தபோது வேலியில் கால் வைக்கும் முன்பே தகரத்தைத் தட்டிவிட்டேன்.

சாயங்காலம் கூழ் எடுத்துவந்த அம்மாவும் கூட வந்த தாய்மாமனும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மாமா எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டார். தேன்கூட்டில் கூடக் கையை விட்டுத்தான் தேன் இருக்கிறதா என்று பார்ப்பார்.

"இன்னாமே அது?"

"இதுல பாத்தா தூரத்துல இருக்கறது தெரியுது, மாமா."

அவர் இலையை வாங்கிப் பார்த்தார். அந்தக் கண்ணிலும் வைத்தார், இந்தக் கண்ணிலும் வைத்தார்.

"ஒண்ணும் இல்லியே. இருட்டாத்தான் கீது."

அம்மா பார்த்தாள், தம்பி பார்த்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாவம், இலை இவர்களுக்குத் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையிலேயே அவர்களுக்காக வருத்தப்பட்டேன்.

மாமா விடவில்லை. கொல்லையின் கடைசிக்குப் போய் நின்று கையைத் தூக்கினார்.

"எத்தினி வெரலு?"

நான் இலையை வைத்துப் பார்த்தேன். "மூணு!"

"இப்ப?"

"ரெண்டு! ஒண்ணு கட்ட வெரலு!"

மாமா திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார். "கண்ணுல ஒரு கொறையும் இல்லக்கா. கழுகுக் கண்ணு. குட்டி நேத்து தூங்கியிருக்கா, அவ்ளோதான்."

மிளாறு இரண்டாம் முறை வந்தது. தம்பி பரணில் ஏறினான். இலை இல்லாமல் ஒருமுறை பார் என்று மாமா சொல்லவில்லை. இலை இல்லாமல் எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை. அது இல்லாமல் யாருக்குத்தான் தெரியும்?

வீட்டோடு கிடந்தவளுக்கு வீட்டு வேலைதான். சாமையில் கல் பொறுக்கினேன், புளியங்கொட்டை எடுத்தேன், காலில் தைத்த முள்ளை ஊசி முனையால் நெம்பினேன். கிட்டத்து வேலையில் என்னை அடிக்க ஆளே இல்லை. முள் தைத்தவர்கள் பக்கத்து ஊரிலிருந்து கூட என்னைத் தேடி வந்தார்கள். கல்யாணமாகிப் போன ஊரிலும் அதே பெயர். எல்லாரும் கண்ணாடி தேடும் வயதில் நான் வெறுங்கண்ணால் ஊசியில் நூல் கோத்தேன். தூரத்தில் வரும் ஆளை நடையை வைத்துக் கண்டுபிடிப்பேன், குரலை வைத்துப் பெயர் சொல்வேன். அதையும் கண்ணின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

இப்போது ஆலங்காயத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்திக்குப் பத்து வயது. கிட்டப்பார்வை என்று கண்ணாடி போட்டார்கள். ஒரே வருடத்தில் இரண்டு முறை பவர் ஏறிவிட்டது. வேலூரில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் போனோம், நானும் கூடப் போனேன். குழந்தையின் கண் உள்ளுக்குள் நீளமாக வளர்ந்துகொண்டே போகிறதாம், அதனால்தான் பவர் ஏறுகிறதாம். அதை மெதுவாக்க வேறு மாதிரி கண்ணாடி இருக்கிறதாம்.

"நின்னுடுமா?" என்று மருமகள் கேட்டாள். அவள் கை பிள்ளையின் தோளை விடவில்லை.

"நிக்கும்னு சொல்லமாட்டேன். மெதுவாகும். வெளியில வெளிச்சத்துல தெனமும் வெளையாடவும் விடணும்."

அங்கேயே கண்ணாடிக்கு அளவெடுக்கும் பையன் ஒருவன் பேத்திக்கு வெறும் ஃபிரேமை மாட்டி, கருவிழிக்கு நேராகப் பேனாவால் புள்ளி வைத்தான். இரண்டு கண்ணுக்கும் நடுவே அளந்தான், மூக்கில் ஃபிரேம் வழுக்குகிறதா என்று பார்த்தான். சட்டைக்கு அளவெடுப்பது போல இருந்தது. அவள் கண்ணுக்கென்று செய்வது அவளுக்கு மட்டும்தான் ஆகுமாம்.

மேசையில் மாதிரிக்கு ஒரு லென்ஸ் இருந்தது. மகன் தூக்கிப் பார்த்து, "சாதாக் கண்ணாடிதானே?" என்றான். நான் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தேன். நடுவில் ஒரு வட்டம் வெறுமையாக இருந்தது. அதைச் சுற்றிக் கடுகை விடச் சின்னதாகக் குமிழ் குமிழாகப் புள்ளிகள், தேனடை போல.

"தோ கீதே! உனக்குத் தெரியலியா?" என்றேன்.

"சரியா சொன்னீங்க," என்றார் டாக்டரம்மா. நேராகப் பார்க்க அந்த நடு வட்டம். வளர்ந்தது போதும் என்று கண்ணுக்கு மெல்லச் சொல்லச் சுற்றியிருக்கும் புள்ளிகள். பிறகு அவர், "வூட்ல வேற யாருக்காச்சும் கிட்டப்பார்வை இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. "எங்க வழியில கண்ணு கெட்டவங்களே இல்லீங்க. இந்த வயசுல வெறுங்கண்ணுல ஊசி கோக்கறேன். இது மருமவளோட போளூர் வழியில வந்திருக்கும்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டில் நான் இதைச் சொல்வது புதிதில்லை. பிள்ளைக்குப் பவர் ஏறிய ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன். வெளியார் முன்னால் சொன்னது இதுதான் முதல் முறை.

டாக்டரம்மா என்னையே பார்த்தார். "கண்ணாடி இல்லாம ஊசி கோக்கறீங்களா? அந்தச் செவுத்தப் பாருங்கம்மா. மூணு வெரல் மாதிரி படம் கீதா? வெரல் எந்தப் பக்கம் காட்டுது?"

சுவர் இருந்தது. அதில் ஏதோ வெள்ளையாக இருந்தது. விரல் எதுவும் இல்லை. "வயசாச்சில்ல," என்றேன்.

அவர் ஒரு கறுப்புத் தட்டை என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். அதில் சின்னச் சின்ன ஓட்டைகள். மூன்று விரலும் தெரிந்தன, இடது பக்கம் காட்டிக்கொண்டு.

"ஓட்டை வழியா பாத்தா தெளிவாயிடுச்சா? அப்ப கண்ணாடி போட்டா உங்களுக்குத் தூரம் தெரியும். கிட்ட நல்லா தெரியறதே உங்களுக்குக் கிட்டப்பார்வை இருக்கறதாலதான்."

"நல்ல கண்ணு இருக்கறவங்க இதுல பாத்தா?"

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் இருட்டா தெரியும்."

இலை எனக்கு மட்டும் திறந்தது என்று பூரித்துப் போன அந்தக் குட்டிக்கு, அம்மாவும் மாமாவும் தம்பியும் அந்தப் புதரின் ஒவ்வோர் இலையையும் பிறந்த நாளிலிருந்து சும்மாவே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியவில்லை. அவர்களுக்காக வேறு அவள் வருத்தப்பட்டாள்.

பாட்டி வழியாக வந்திருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம் என்று டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டார். புள்ளிக் கண்ணாடிக்கும் எழுதிக்கொடுத்தார். எனக்கும் ஒன்று. பஸ்ஸில் மருமகள் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தாள். அவளிடம் சொல்ல வேண்டியதை ஆலங்காயம் வரைக்கும் மனசுக்குள் கோத்துக்கொண்டே வந்தேன். ஏழு பிள்ளை வளர்த்த வாய்க்குத் தப்பை ஒப்புக்கொண்டு பழக்கமில்லை. வாயால் வராததால்தான் கையால் எழுதினேன். கண்ணு உன் வழியில் கெடவில்லை தாயி, என் வழியில். இத்தனை நாள் உன்மேல் போட்டது தப்பு.

ஏ குட்டி, புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இங்கே வா. இதை முதலிலிருந்து படி, எழுத்து எங்கேயாவது தப்பியிருந்தால் சொல். மெதுவாகப் படி, ஆனால் சத்தமாகப் படி. உன் அம்மா அடுப்பங்கரையில்தான் இருக்கிறாள்.